பில்லில் ஏறாத நாற்பத்தைந்தாயிரம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, களக்காட்டில் வாழை போட்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் ஒரு கார் எடுத்துவிடலாம் என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நாங்கள் கேட்ட மாடலுக்கு ஆறு மாதம் வெயிட்டிங் என்றார்கள். வெளியே வரும்போது சேல்ஸ் தம்பி பின்னாலேயே வந்து, "அண்ணாச்சி, இந்த மாடல் அப்படி ஓடுது. நாப்பத்தஞ்சு மேல வச்சுக் குடுத்தீங்கன்னா ஆவணிக்கு முன்னாடியே எடுத்துரலாம்" என்றான். அவனுடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பென்சிலால் 45 என்று எழுதியும் கொடுத்தான். கொட்டேஷனில் இந்தத் தொகை இல்லை. இப்படி வாங்கலாமா? இது முறையா? கொட்டேஷன் நகலை இணைத்திருக்கிறேன். அதில் உள்ள அதே இன்சூரன்ஸுக்கு வெளியே 41,000தான் சொன்னார்கள். (பெயர் வேண்டாம் என்ற வாசகர், களக்காடு)

பதில்: கொடுக்காதீர்கள், அண்ணாச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கொட்டேஷனைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நாற்பத்தைந்தாயிரம் மட்டும் அல்ல இதில் விஷயம்.

வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 11,20,000 என்று போட்டிருக்கிறார்கள். அது கம்பெனி வைக்கும் விலை. கம்பெனியின் இணையதளத்திலேயே ஊர் வாரியாக இருக்கும், மகனை விட்டு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆயுள் வரி 2,01,600. சரியான கணக்குதான். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வரி மாறியபோது பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம் ஆனது. டிசிஎஸ் என்று 11,200 இருக்கிறதே, அது பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு டீலர் உங்களிடம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் ஒரு சதவீதம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விவசாய வருமானம்தானே, கணக்குத் தாக்கல் செய்வதில்லை என்று விட்டுவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய்தான். கடன் போட்டால் ஆர்.சி.யில் அதைக் குறிக்க இன்னொரு 1,500. இதுவரை ஒரு வம்பும் இல்லை.

வம்பு இதற்குக் கீழே இருக்கிறது. 'அக்சசரீஸ் கிட் – 38,500' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதெல்லாம் அந்தக் கிட்டில் இருக்கிறது என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? நெல்லையில் ஒரு கார் ஷோரூமில் 19 வருடம் பில் போட்டவள் நான். அந்தப் பெட்டியை எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். தரை மேட் ஒரு செட், மட் ஃபிளாப் நான்கு, கதவு ஓரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை, ஸ்டீயரிங் உறை, சீட் கவர், ஒரு வாசனை டப்பா. சீட் கவர் ஒன்றுதான் கொஞ்சம் பெறும். வேண்டாம் என்றால் வண்டி கிடையாது என்பார்கள். ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக முறை என்று சொல்லி, புகார் செய்யத் தக்கதாக வைத்திருக்கிறது. "எனக்கு மேட் மட்டும் போதும், மற்றதை எடுத்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு விடாமல் மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ எழுதியும் அனுப்புங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

'ஹேண்ட்லிங் 9,500' என்பது யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டி வந்து கழுவித் துடைத்ததற்காம். ஷோரூமில் வைத்துத்தான் விற்கிறார்கள், அந்தச் செலவு அவர்களுடையது. இதையும் அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் பில் போட்ட காலத்திலேயே, ஒரு வார்த்தை கேட்டவர்களுக்கு மானேஜர் பேனாவை எடுத்து இந்த வரியை அடித்துவிடுவார். கேட்காமல் கட்டியவர்கள்தான் அதிகம் பேர்.

இன்சூரன்ஸ் 56,000 என்று இருக்கிறது. வெளியே விசாரித்ததில் அதே கவரேஜுக்கு 41,000 சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் இருந்து, உச்ச நீதிமன்றம் சொன்னபடி, புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்தத் தொகையை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை உள்ள வண்டிக்கு மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதில் மாற்றம் இராது. வித்தியாசம் வருவதெல்லாம் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியிலும், அதோடு ஒட்டும் கூடுதல் கவர்களிலும்தான். டீலர் கையில் எடுத்தால்தான் வண்டி என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். ஆனால் ஒன்று, விலையை மட்டும் பார்க்காமல், வெளியே சொன்ன பாலிசியிலும் அதே ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை), அதே ஸீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் கவர்) இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். சிலர் ஐடிவியைக் குறைத்துக் காட்டித்தான் பிரீமியத்தைக் குறைப்பார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கிட் 38,500, ஹேண்ட்லிங் 9,500, இன்சூரன்ஸில் கூடுதல் 15,000, பென்சில் தொகை 45,000. மொத்தம் 1,08,000. கம்பெனி வைத்த விலைக்கும் அரசுக்குக் கட்டும் வரிக்கும் மேலே உங்களிடம் வாங்கப் பார்ப்பது இது. மாடல் நன்றாக ஓடுகிறது என்பது ஒன்றுதான் இதற்குக் காரணம்.

சரி, அந்த நாற்பத்தைந்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து டீலருக்கு மாதத்துக்கு இத்தனை வண்டி என்று அலாட்மென்ட் வரும். நீங்கள் பணம் கொடுத்ததால் புதிதாக ஒரு வண்டி தயாராகி வந்துவிடாது. உங்களுக்கு முன்னால் பதிந்தவர் ஒருவருடைய வண்டிதான் உங்களிடம் வரும். இதை நான் கண்ணால் பார்த்தவள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியர் தம்பதி. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் வேலை. வெள்ளை நிற வண்டிக்குப் பதிந்து ஏழு மாதம் காத்திருந்தார்கள். வண்டி வந்துவிட்டது என்று சேல்ஸ் பையன் போனில் சேஸிஸ் நம்பரின் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கடைசி எண்களைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா அதைக் கைப்பையிலிருந்த சின்ன டைரியில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை வந்தார்கள். டெலிவரி இடத்தில் மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு வெள்ளை வண்டி நின்றது. யார்டில் மார்க்கரால் எழுதிய நம்பர் முன்கண்ணாடி ஓரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. அவர் டைரியைத் திறந்து பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி டைரியைப் பார்த்தார். அப்புறம் நேரே என் கவுன்ட்டருக்கு வந்து, "இது எங்க வண்டில்லாம்மா?" என்று கேட்டார். அந்த வண்டிக்கு வேறொருவர் பெயரில் அரை மணி நேரத்துக்கு முன்னால் பில் போட்டது நான்தான். அந்த வேறொருவர் பதிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. என்னால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்த டைரியின் நீல அட்டை என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்று படித்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி.

பில் இல்லாமல் பணம் கொடுப்பதில் உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. நாளைக்கு அந்தப் பையன் வேலையை விட்டுப் போனால் யாரைக் கேட்பீர்கள்? ஷோரூம் கை விரித்துவிடும். விற்றதற்கு ரசீது தர மறுப்பதையும் அதே 2019 சட்டம் முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது. "முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுங்கள், பார்த்துச் செய்கிறோம்" என்று யாராவது ஆசை காட்டினால் அதற்கும் இணங்காதீர்கள். 2017 ஏப்ரலில் இருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்தில் ரொக்கமாக வாங்கவே கூடாது.

ஆவணிக்கு வண்டி வேண்டும், அதற்கு வழி என்ன என்பீர்கள். இரண்டு வழி சொல்கிறேன். அதே கம்பெனிக்கு நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் வேறு வேறு டீலர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அலாட்மென்ட் தனி, வரிசை தனி. ஒரு நாள் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போடுங்கள். மதுரையில் எடுத்தாலும் தற்காலிகப் பதிவு போட்டு இங்கே கொண்டுவந்து நம் நெல்லைப் பதிவான டிஎன் 72 வாங்கிக்கொள்ளலாம். நிறத்திலும் வேரியன்ட்டிலும் பிடிவாதம் இல்லை என்றால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். வெள்ளைக்குத்தான் நம் பக்கத்தில் அவ்வளவு கிராக்கி.

இரண்டாவது, ஆடி. ஆடி பிறந்தால் புது வண்டி எடுக்க நம் ஊரில் பலருக்கு மனம் வராது. முறை வந்தவர்கள்கூட "ஆவணியில் எடுத்துக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போடுவார்கள். அப்போது வரிசை நேர்மையாகவே நகரும். "ஆடியில் பில் போட எனக்குச் சம்மதம்" என்று மானேஜரிடம் எழுதிக் கொடுங்கள். வண்டியை ஆடியில் எடுத்து நிறுத்திவிட்டு, ஆவணி பிறந்ததும் பூஜை போட்டு ஓட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எதுவானாலும் புக்கிங் ரசீதில் தேதி, வேரியன்ட், நிறம், வரிசை எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். வண்டி ஒதுக்கியதும் சேஸிஸ் நம்பரையும் எழுத்தில் கேளுங்கள். ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். டெலிவரி அன்றைக்கு இருக்கும் விலைதான் செல்லும் என்று பெரும்பாலும் இருக்கும். காத்திருக்கும்போது கம்பெனியே விலையை ஏற்றினால் அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது பில்லில் வரும்.

கேள்வி: மகளும் மருமகனும் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார்கள். ஒரு ஹைப்ரிட் கார் வாங்கப் போனால், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் விலைக்கு மேல் 4,000 டாலர், 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்கிறார்களாம். அங்கேயுமா இப்படி? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வள்ளியூர்)

பதில்: அங்கேயும்தான் ஐயா. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பென்சிலில் எழுதுவதை அங்கே தாளில் அச்சடித்தே கேட்கிறார்கள். அந்த ஸ்டிக்கருக்கு மன்ரோனி ஸ்டிக்கர் என்று பெயர். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958-ஆம் வருடத்துச் சட்டத்தால் வந்தது. விலை விவரம் வாங்குகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே தவிர, அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலைதான். டீலர் தனி வியாபாரி, கூடவும் விற்கலாம், குறைத்தும் விற்கலாம்.

2021-இல் சிப் கிடைக்காமல் உலகம் முழுக்கக் கார் தயாரிப்பு தடைப்பட்டபோது இந்தக் கூடுதல் விலை அங்கே மிகப் பரவலாகிவிட்டது. 2022 தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களை எச்சரிக்கும் அளவுக்குப் போனது. எச்சரித்தும் அடியோடு நிற்கவில்லை என்பது உங்கள் மகள் சொல்வதிலிருந்தே தெரிகிறது. அவரிடம் சொல்லுங்கள்: நான்கைந்து ஊர் டீலர்களுக்கு மெயில் அனுப்பி, எல்லாம் சேர்ந்த முழு விலையை எழுத்தில் கேட்கட்டும். அவசரம் இல்லையென்றால் ஸ்டிக்கர் விலைக்கே ஆர்டர் எடுக்கும் டீலரிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்கட்டும். எங்கள் அப்பா 1980-களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். அலாட்மென்ட் வந்ததும், மேலே பணம் தருகிறேன் என்று வாங்க ஆள் வீட்டுக்கே வந்தார்கள். கொடுக்கவில்லை, அவரே ஓட்டினார். மகளுக்கு அந்த அளவுக்குக் காத்திருப்பு இருக்காது.

கேள்வி: சீக்கிரம் டெலிவரி என்று சொல்லி 30,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார்கள், ரசீது இல்லை. வண்டி மூன்று மாதத்துக்கு முன்னால் வந்துவிட்டது, அதன் விலை பதின்மூன்று லட்சம். இனிப் புகார் செய்ய முடியுமா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: முடியும், அம்மா. பணம் கேட்டதற்கு ஏதாவது தடயம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி, போன் பதிவு, அன்றைக்கு வங்கியிலிருந்து அந்தத் தொகையை எடுத்த பாஸ்புக் வரி, கூட வந்தவர் சாட்சி, எதுவானாலும் சேர்த்து வையுங்கள். டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேதி, தொகை, வாங்கியவர் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இவர்கள் யாரும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. பதின்மூன்று லட்ச ரூபாய் வண்டிக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடிதம் எழுதுவதில் சந்தேகம் இருந்தால் நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.