வாசகர் கேள்வி – பதில்: ஐந்தாம் நிலையில் வகுப்பு மாறலாமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி ஆடி வருகிறோம். என் பாத்திரம் நான்காம் நிலை ஃபைட்டர் (போர்வீரர் வகுப்பு), உட்பிரிவு சாம்பியன். வலிமை 16, அறிவுத்திறன் 13. கையில் வாளும் கேடயமும். விரைவில் ஐந்தாம் நிலைக்கு வந்துவிடுவேன். அந்த ஒரு நிலையை மட்டும் விசார்ட் (மந்திரவாதி) வகுப்பில் எடுத்து, 'ஷீல்டு' என்ற தற்காப்பு மந்திரத்தைக் கற்கலாம் என்று ஆசைப்படுகிறேன். செய்யலாமா?

பதில்: ஆசை நியாயமானதே, காலம்தான் கனியவில்லை. அந்த விதிநூலில் மல்டிகிளாஸ், அதாவது ஒரே பாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் நிலை எடுப்பது, விருப்ப விதி என்பதால், முதலில் ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டரின் சம்மதம் வேண்டும். தகுதியைப் பொறுத்தவரை தடையில்லை. ஃபைட்டருக்கு வலிமை அல்லது சுறுசுறுப்பு 13, விசார்டுக்கு அறிவுத்திறன் 13 என்ற இரு நிபந்தனைகளையும் உங்கள் பாத்திரம் நிறைவு செய்கிறது.

ஆனால் ஃபைட்டரின் ஐந்தாம் நிலை மற்ற நிலைகளைப் போன்றதன்று. அங்கேதான் 'எக்ஸ்ட்ரா அட்டாக்' கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு இரண்டு வெட்டு. இரண்டாம் நிலையிலேயே பெற்றுவிட்ட, ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயலைத் தரும் 'ஆக்‌ஷன் சர்ஜ்' திறனை அதனுடன் சேர்த்தால் ஒரே முறையில் நான்கு வெட்டு. ஒரு நிலைதானே தள்ளிப்போகிறது என்று தோன்றலாம். ஐந்தாம் நிலைக்குத் தேவையான அனுபவப் புள்ளிகள் மொத்தம் 6,500; ஆறாம் நிலைக்கு 14,000. இடைவெளி 7,500. அதாவது, ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை சேர்த்ததைவிட அதிகமான புள்ளிகளைச் சேர்க்கும் வரை, நீங்கள் ஒற்றை வெட்டுடனேயே போரிட வேண்டியிருக்கும். 1978இல் வெளியான அட்வான்ஸ்டு பதிப்பின் விதிநூலில், ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் வளரும் பாத்திரம் தன் அனுபவப் புள்ளிகளை இரண்டுக்கும் பங்கிட வேண்டியிருந்தது. இழப்பு கண்முன்னே தெரிந்தது. இன்றைய விதியில் மொத்த நிலை ஏறிக்கொண்டே போவதால் இழப்பு கண்ணில் படுவதில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான்காம் நிலை ரேஞ்சராக இருந்த என் பாத்திரத்துக்கு ஐந்தாவது நிலையை ரோக் வகுப்பில் எடுத்துவிட்டு நானே வருந்தியிருக்கிறேன். பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பரின் ஃபைட்டர் முதல் வெட்டில் தவறினாலும், பகடையை மீண்டும் எடுத்து உருட்டுவார். என் முறை வரும், ஓர் அம்பு, இருபது பக்கப் பகடை 4 என்று காட்டும், அத்துடன் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த சுற்று வரை காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பைத் தாளில் கணக்குப் போட்டபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி 'ஷீல்டு' மந்திரம். அடுத்த முறை தொடங்கும் வரை கவச எண்ணை (உங்களை அடிக்க எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 5 கூட்டித் தரும் அருமையான மந்திரம் அது. கவசம் அணிந்து மந்திரம் சொல்வதிலும் உங்களுக்குச் சிக்கலில்லை. அந்தக் கவசத்தில் பயிற்சி இருந்தாலே போதும். சிக்கல் கையில் இருக்கிறது. அம்மந்திரத்துக்குச் சைகை தேவை; சைகைக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். வாளும் கேடயமுமாக நிற்கும் உங்களுக்கு அது வாய்க்காது. 'வார் காஸ்டர்' என்ற ஃபீட் (சிறப்புத் திறமை) இருந்தால் இத்தடை நீங்கும். ஆனால் அதைப் பெறுவதற்கு வலிமை போன்ற எண்களைக் கூட்டும் ஒரு திறன் உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலும், முதல் நிலை விசார்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மந்திர இடங்களே (மந்திரம் சொல்லும் வாய்ப்புகளே) உண்டு. குறு ஓய்வில் ஒன்று திரும்பக் கிடைக்கலாம். இரண்டாவது வெட்டுக்கோ அப்படி வரம்பே கிடையாது.

ஆகவே ஃபைட்டராகவே ஐந்தையும் ஆறையும் எடுங்கள். ஆறாம் நிலையில் ஃபைட்டருக்கு மட்டுமே உரிய கூடுதல் திறன் உயர்வு வருகிறது. ஆனால் ஒரு மந்திரமாவது சொல்லத் தெரிந்தவரே 'வார் காஸ்டர்' பெற முடியும் என்பதால், அதை விசார்டான பிறகு வரும் திறன் உயர்வில்தான் எடுக்க முடியும். ஆறாம் நிலைக்குப் பின் விசார்டுக்குப் போகும்போது, எதிரி தடுப்புப் பகடை உருட்டும் மந்திரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அறிவுத்திறன் 13 உள்ளவரின் தடுப்பு எண் அந்த நிலையில் 12 மட்டுமே. பெரும்பாலான எதிரிகள் அதை எளிதில் தாண்டிவிடுவார்கள். 'ஷீல்டு', 'டிடெக்ட் மேஜிக்', 'ஃபைண்ட் ஃபெமிலியர்' போன்றவற்றுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதுவே அதிகம் பிடித்திருக்கிறது. சாம்பியனுக்குப் பதிலாக 'எல்ட்ரிச் நைட்' உட்பிரிவுக்கு மாற அனுமதிப்பாரா என்று டன்ஜன் மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் நிலையிலேயே அவ்வுட்பிரிவினர் 'ஷீல்டு' கற்கலாம். எந்த நிலையையும் இழக்க வேண்டியதில்லை. கை காலியாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அங்கும் தொடரும்.

கேள்வி: ஆறாம் நிலை பாலடினுக்கு (புனித வீரர்) வார்லாக் (ஒப்பந்த மந்திரவாதி) வகுப்பில் இரண்டு நிலைகள் சேர்ப்பது பலன் தருமா?

பதில்: தரும். இரண்டு வகுப்புகளுமே கரிஸ்மாவை (ஆளுமை ஈர்ப்பு) நம்பியவை. எக்ஸ்ட்ரா அட்டாக்கையும், அருகிலிருப்பவர்களைக் காக்கும் ஒளிவட்டத்தையும் ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள். குறு ஓய்விலேயே திரும்பும் வார்லாக்கின் மந்திர இடங்களை 'டிவைன் ஸ்மைட்' அடிக்குச் செலவிடலாம். வார்லாக்கின் தொலைதாக்கு மந்திரமான 'எல்ட்ரிச் பிளாஸ்ட்' மொத்த நிலையைப் பொறுத்தே வளர்வதால், தொலைவில் நிற்கும் எதிரியை எட்ட முடியாத பாலடினின் குறையும் தீரும். வலிமையும் கரிஸ்மாவும் 13க்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்பேரியன் (வெறியுடன் போரிடும் வீரர்), சார்சரர் (பிறவி மந்திரவாதி) ஆகிய வகுப்புகளை இணைக்கலாமா?

பதில்: விதி அனுமதிக்கிறது, நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்பேரியனின் போர்வெறியான 'ரேஜ்' நிலையில் இருக்கும்போது மந்திரம் சொல்லவும் முடியாது, முன்பே சொன்ன மந்திரத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு சண்டையிலும் ஒரு பாதி உறங்கிக்கொண்டே இருக்கும்.