பின்னட்டையில் இருக்கிறது பாதி சேதி
வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு மாலை கூடி ஜாஸ் ரெக்கார்டு கேட்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. தோட்டத்து ஊரில் ஜாஸா என்று கிண்டல் செய்தவர்களை விட்டுவிடுகிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: ஜாஸ் ரெக்கார்டு சேர்க்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கட்டாயம் வாங்கவேண்டிய பத்துத் தட்டுகளுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா? (கல்லூரி மாணவர், தைப்பிங்)

பதில்: பட்டியல் மட்டும் கேட்காதீர்கள் தம்பி. பட்டியல் வைத்து வாங்கியவர்கள் வீட்டில்தான் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தட்டுகளைப் பார்க்கிறேன். ஒன்றே ஒன்று வாங்குங்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', 1959-இல் வந்தது. எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், எல்லாரும் சொல்வதாலேயே அது மட்டமாகிவிடாது. வாங்கியதும் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். ட்ரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸ் (சாக்ஸபோன்) ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸ் கேனன்பால் ஆடர்லி, பியானோ பில் எவன்ஸ், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லி, பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். ஏழு பேர். ஒரு வாரம் போட்டுக் கேளுங்கள், யாருடைய வாசிப்பு உங்களை இழுக்கிறதோ அவர் பின்னாலேயே போங்கள்.

பியானோ பிடித்ததா? பில் எவன்ஸ் 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் மூன்று பேராக வாசித்த பதிவுக்குப் போங்கள். அதில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ என்ற இளைஞர் இரண்டு வாரம்கூட ஆகுமுன் கார் விபத்தில் போய்விட்டார், அது தெரிந்தபின் அந்தத் தட்டு வேறு மாதிரி கேட்கும். கோல்ட்ரேன் பிடித்ததா? 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்'. அதன் பின்னட்டையில் பியானோவுக்கு மெக்காய் டைனர், டிரம்ஸுக்கு எல்வின் ஜோன்ஸ். அப்புறம் அவர்களுடைய சொந்தத் தட்டுகள். இப்படியே போனால் சேகரிப்பு தானாக வளரும், ஏன் வாங்கினேன் என்பதற்கும் உங்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

எங்கே கிடைக்கும் என்றால், ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை மெமரி லேன் சந்தை, பினாங்கில் லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால். பெட்டி பெட்டியாக கிளிஃப் ரிச்சர்ட், தெரசா தெங் என்று பாப் பாடகர்கள்தான் வரும், நடுவில் எப்போதாவது ஒரு ஜாஸ். விரல் கறுக்கும், பொறுமை வேண்டும்.

கேள்வி: என் தாத்தா துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு பெட்டி ரெக்கார்டு எங்கள் பரணில் கிடக்கிறது. கனமான, உடையக்கூடிய தட்டுகள். பென்னி குட்மேன், கிளென் மில்லர் என்று எழுதியிருக்கிறது, சில தமிழ்ப் பாட்டும் உண்டு. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. விலை போகுமா? (குடும்பத் தலைவி, பீடோர்)

பதில்: விலையை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, ஆசையை வளர்க்க வேண்டாம். குட்மேனும் மில்லரும் அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர்கள், அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் விற்றவர்கள், அதனால் பெரிய காசு வராது. தமிழ்த் தட்டுகளைத்தான் பத்திரமாக எடுத்து வையுங்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆலையில் அச்சானவையாக இருக்கலாம், அதில் சில பாட்டு வேறு எங்குமே இல்லாமல் போயிருக்கவும் கூடும்.

இனி பூஞ்சை. இவை அரக்குத் தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, அதை மென்துணியில் நனைத்துப் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரில் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள். மிளகாய் காயவைக்கிற மாதிரி வெயிலில் பரப்பிவிட்டால் மாலைக்குள் தட்டு நெளிந்துவிடும். இன்னொன்று, எல்பி என்கிற பிற்கால வினைல் தட்டைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலப்பார்கள், அந்த யோசனையை இங்கே கொண்டுவராதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.

கேட்பதற்கு 78-க்கென்றே தனி ஊசி வேண்டும். இதன் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், எல்பி ஊசி அடியில் போய் உரசி வெறும் இரைச்சலைத்தான் தரும். போட்டுக் கேட்கும்போது லேபிளையும் படியுங்கள். பென்னி குட்மேன் ட்ரயோ என்று இருந்தால் பியானோ டெடி வில்சன். 1935-இல் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரக் குழுத்தலைவர் கறுப்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிப்பது சாதாரண விஷயம் இல்லை. துரை பங்களாவில் அதைப் போட்டுக் கேட்டவர்கள் இதையெல்லாம் யோசித்திருப்பார்களா என்பது வேறு கதை.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் ஒருவர், 'முதல் பிரஸ்ஸிங் (முதல் அச்சு) இல்லையென்றால் அது ரெக்கார்டே இல்லை' என்கிறார். மறுபதிப்பு வாங்கும் எங்களை ஏளனமாகப் பார்க்கிறார். என்ன பதில் சொல்வது? (கிள்ளான்)

பதில்: 'கைண்ட் ஆஃப் புளூ' கதையைச் சொல்லுங்கள். 1959 மார்ச்சில் முதல் நாள் பதிவு நடந்தபோது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது, அதனால் தட்டில் முதல் பக்கத்து மூன்று பாட்டும் சற்று வேகமாக, சுருதி ஏறிப் பதிந்துவிட்டன. 1992-இல்தான் சரிசெய்தார்கள். ஆக, ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய அவருடைய முதல் பிரஸ்ஸிங்கில் சுருதி தப்பு, சரிசெய்தபின் வந்த உங்கள் மறுபதிப்பில் சரி. முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புளூ நோட் கம்பெனியின் பழைய தட்டுகளில் பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வரும் வெற்று வளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஆர்விஜி என்ற எழுத்து இருக்கும். ரூடி வேன் கெல்டர் என்ற பதிவாளரின் முத்திரை அது. தொடக்கத்தில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஒலிப்பதிவு செய்தவர், பதிவு செய்த கையாலேயே தட்டுக்கான பள்ளத்தையும் வெட்டினார். அதில் ட்ரம்பெட் ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்து நிற்கும். எனக்கும் அந்த எழுத்தைப் பார்த்தால் கை நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த முத்திரை உள்ள தட்டைப் பூட்டி வைத்துவிட்டு முத்திரையைப் பற்றி மட்டும் பேசுகிறவரோடு என்ன பேசுவது?

கேள்வி: அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தார். இரவில் லயமெல்லாம் அடங்கியபின் சிற்றலை வானொலியில் ஏதோ இங்கிலீஷ் நிகழ்ச்சி கேட்பார். ஒருவர் கனத்த குரலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார், தொடக்கத்தில் பேண்டு இசை வரும். அது என்னவாக இருக்கும்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சித்தியவான்)

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சியாகத்தான் இருக்கவேண்டும். 1955 ஜனவரியில் தொடங்கியது, பேசுகிறவர் வில்லிஸ் கோனோவர். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியவேண்டும் என்றே அப்படி நிறுத்திப் பேசினார். உலகமெல்லாம் கேட்ட அந்தக் குரல் அமெரிக்காவில் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த வானொலியை உள்நாட்டுக்கு ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை. தொடக்க இசை டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. அட்டையில் எலிங்டன் பெயர்தான் பெரிதாக இருக்கும். இயற்றியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன், அந்தப் பெயர் பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். 1941-இல் பதிவான தட்டில் ட்ரம்பெட் வாசித்தவர் ரே நான்ஸ். அப்பா முணுமுணுத்த மெட்டு அவருடைய வாசிப்பாகவே இருக்கலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள் அம்மா.

கேள்வி: மாமனார் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர். நான் ஜாஸ் போட்டால், 'வெள்ளைக்காரன் ஊதுவதை எவன் கேட்பான்' என்று எழுந்து போய்விடுகிறார். அவரை எப்படி உட்காரவைப்பது? (சுங்கை பட்டாணி)

பதில்: முதலில் அது வெள்ளைக்காரன் சங்கீதம் இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்களிடம் பிறந்தது. 1917-இல் வந்த முதல் ஜாஸ் ரெக்கார்டு ஒரு வெள்ளையர் குழுவின் பெயரில் வந்ததுதான் கொடுமை.

அடுத்து, சார்லி மரியானோவைப் போடுங்கள். இவர் வெள்ளைக்காரர்தான், பாஸ்டன்காரர், ஆல்டோ சாக்ஸ். சார்லஸ் மிங்கஸின் 1963 தட்டான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் அழுவது மாதிரி ஒரு சாக்ஸ் வரும், அது இவர்தான். 1960களின் பிற்பகுதியில் நம் வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கக் கோலாலம்பூருக்கு வந்து சில மாதம் தங்கினார். வந்த இடத்தில் நாதஸ்வரம் காதில் விழுந்தது, விடவில்லை, இங்கேயே கற்றுக்கொள்ளத் தொடங்கி, பின்னர் தென்னிந்தியாவுக்கும் போய்ப் படித்தார். 1976-இல் ஜெர்மனியில் பதிவான 'ஹெலன் 12 ட்ரீஸ்' தட்டின் பின்னட்டையில் சாக்ஸபோன், புல்லாங்குழல் என்று வரிசையாக வந்து கடைசியில் நாதஸ்வரம் என்று இருக்கும். இந்த நாட்டு மண்ணில் பிடித்த வாத்தியம் அங்கே போய் அச்சேறியிருக்கிறது, நமக்கோ அந்த ஆள் யார் என்றே தெரியாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாமனாரிடம் 'ஜோதி' என்ற தட்டையும் போட்டுக் காட்டலாம், 1983. அதில் நாதஸ்வரம் கிடையாது, மரியானோ சாக்ஸும் குழலும் வாசிக்க, பெங்களூரிலிருந்து ஆர்.ஏ. ரமாமணியின் குரல், டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம், கூடவே கடமும் கஞ்சிராவும். தாளத்தில் கை தானாகப் போய்விடும், அவருக்கு இதுவே சுலபமான வாசல். 'ஹெலன் 12 ட்ரீஸ்' கேட்டால் அவர் குறை சொல்லத்தான் செய்வார். சாக்ஸ் பழகிய மூச்சு அது, கமகம் நம் ஆட்கள் மாதிரி உருளாது. சொல்லட்டும். எங்கே தப்பு, சீவாளியிலா உதட்டிலா என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் அவர் பேச நீங்கள் கேட்கலாம்.

கேள்வி: ராகம் தாளம் எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டு முடித்தபின் இப்படிப்பட்ட கூட்டத்தில் என்ன பேசுவது? (பகாவ்)

பதில்: எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. சுமார் இருபது நிமிடம். போன் சத்தம் வந்தால் அடுத்த வாரத் தேநீரும் வடையும் அவர் செலவு. புதிதாக யாராவது வந்தால் 'மை ஃபேவரிட் திங்ஸ்' போடுவோம். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் எல்லாரும் கேட்ட பாட்டு. கோல்ட்ரேன் 1960-இல் சோப்ரானோ சாக்ஸில் அதைப் பதினான்கு நிமிடத்துக்கு நெருங்க இழுக்கிறார். தெரிந்த மெட்டு எங்கே தொலைந்தது, எங்கே திரும்பி வந்தது என்று சொன்னால் போதும், அதற்கு இசை இலக்கணம் எதற்கு? பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். ஏன் என்று மட்டும் கேட்போம்.

கேள்வி: நண்பர்கள் தட்டு இரவல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ஈப்போ)

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டுங்கள். கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வாங்குகிறவரின் ஊசியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், மலிவான சூட்கேஸ் பிளேயராக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுங்கள். அவர் தட்டைக் காரில் வைத்து மறந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவராக இருந்தாலும் அதே சாக்குதான்.