குடோன் இருப்பும் ஸ்கேனரும்: வாசகர் கேள்வி பதில்

குளிர்பானம், தண்ணீர் பாட்டில் மொத்த வியாபாரம் செய்யும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், குடோனைக் கணினிக்கு மாற்றுவது தொடர்பானவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஸ்கேன் ஆகாமல் ஒரு கேஸ்கூட வெளியே போவதில்லை. ஆனாலும் இரவு எண்ணிப் பார்த்தால் கணினியில்தான் சரக்கு அதிகம். நேற்று 250 மி.லி. கோலாவில் மட்டும் 69 பாட்டில் வித்தியாசம். பையன்கள்மேல் சந்தேகம் வருகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: சந்தேகப்படும் முன் 69-ஐ 23-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 3 வரும். 24 பாட்டில் உள்ள ஒரு கேஸை ஸ்கேனர் ஒரு பாட்டிலாக எடுத்துக்கொண்டால், கணினியில் 23 பாட்டில் கழியாமல் நின்றுவிடும். அப்படி மூன்று கேஸ் போயிருக்கிறது. 12 பாட்டில் கேஸ் என்றால் வித்தியாசம் 11-இன் மடங்காகவும், 9 பாட்டில் கொண்ட 2 லிட்டர் கேஸ் என்றால் 8-இன் மடங்காகவும் வரும். வித்தியாசம் இப்படி மடங்காக வந்தால், திருட்டைப் பற்றிப் பேசும் முன் பார்கோடைப் பார்ப்பதுதான் நியாயம்.

காரணம் ஷ்ரிங்க் கவர், அதாவது கேஸைச் சுற்றி இறுக்கியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. அதன் வழியே உள்ளிருக்கும் பாட்டிலின் லேபிள் தெளிவாகத் தெரிகிறது. கேஸின்மேல் ஒட்டியிருக்கும் பெரிய பார்கோடுக்குப் பதிலாக, ஸ்கேனர் பாட்டிலின் பார்கோடைப் பிடித்துவிடுகிறது. 'பீப்' சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் ஏற்றுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பாட்டிலில் இருப்பது பொதுவாக 890 என்று தொடங்கும் 13 இலக்க எண். கேஸில் இருப்பது பெரும்பாலும் 14 இலக்கம். ஆகவே 'கேஸ் ஏற்றுதல்' திரையில் 13 இலக்க எண்ணை ஏற்காதபடி மென்பொருள்காரரிடம் பூட்டச் சொல்லுங்கள். உதிரி பாட்டிலுக்குத் தனித் திரை இருக்கட்டும். சில கம்பெனிகள் கேஸுக்கும் 13 இலக்க எண்தான் தருகின்றன. எனவே முதலில் உங்களிடம் உள்ள ஒவ்வொரு சரக்கிலும் ஒரு கேஸ் எடுத்து, நாலு பக்கமும் ஸ்கேன் செய்து, எந்த எண் எத்தனை பாட்டிலைக் குறிக்கிறது என்று பட்டியல் போட்டுவிடுங்கள். பாட்டில் எண்ணுக்கு முன்னால் 1 சேர்த்தால் கேஸ் எண் ஆகிவிடும் என்று நினைத்து யாரும் கையால் உருவாக்க வேண்டாம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முன்னால் ஓர் எண் சேர்ந்தால் அதுவும் மாறும்.

கேஸில் பார்கோடே இல்லாத உள்ளூர் பன்னீர் சோடா, தண்ணீர் கேஸ்களுக்கு நீங்களே லேபிள் ஒட்டலாம். 200 முதல் 299 வரை தொடங்கும் 13 இலக்க எண்கள் இப்படி உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 890-இல் சொந்தமாக எண் போடாதீர்கள், அது வேறொருவர் சரக்கின் எண்ணாக இருக்கும்.

மடங்காக வராத வித்தியாசத்துக்கு இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, ஸ்கீம் சரக்கு. 12-க்கு 1 இலவசம் என்று கொடுத்த பாட்டில் பில்லில் ரூபாய் இல்லாமல் வந்தாலும் இருப்பில் கழிய வேண்டும். இன்னொன்று, எம்ஆர்பி. விலை மாறினாலும் பார்கோடு பெரும்பாலும் மாறுவதில்லை. 2025 செப்டம்பர் 22-இல் தண்ணீர் பாட்டிலுக்கு ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, பழைய விலையும் புதிய விலையும் ஒரே எண்ணில் பல குடோன்களில் கலந்தன. ஸ்கேன் ஆனதும் திரை எம்ஆர்பியைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தம் சரியாக இருக்கும், விலைவாரி இருப்பு தப்பாக இருக்கும்.

கேள்வி: ஒரு லைனில் (வண்டி போகும் ஒரு வழித்தடத்தில்) 40 கடை. கடை கடையாகச் சரக்கு எடுத்துவைக்க மூன்று பேருக்கும் நள்ளிரவு ஆகிறது. (மதுரை வாசகர்)

பதில்: கடைவாரியாக எடுப்பதை விடுங்கள். 40 கடையும் ஏறக்குறைய அதே சரக்கைத்தான் வாங்குகின்றன, அதே லேனுக்கு (குடோனில் ஒரு சரக்கை அடுக்கும் வரிசைக்கு) 40 முறை நடக்கிறீர்கள்.

ஆர்டர் வாங்குவதை மாலையில் ஒரு நேரத்தோடு நிறுத்தி, வண்டிக்கு ஒரு லோடு ஷீட் (அந்த வண்டியில் ஏற வேண்டிய மொத்தச் சரக்கின் பட்டியல்) எடுங்கள். முழுக் கேஸ்கள் மொத்தமாக ஒரே நடையில் வரட்டும். ஷீட்டின் வரிசை பெயர் அகரவரிசையில் இருக்கக் கூடாது, எடை வரிசையில் இருக்க வேண்டும். 2 லிட்டர் ஒன்பது பாட்டில் கேஸ் 18 கிலோவுக்கு மேல் வரும், அது முதலில் எடுக்கப்பட்டு வண்டியில் அடியில் போக வேண்டும். டெட்ரா பேக்கும் 200 மி.லி.யும் கடைசியில் எடுத்து மேலே வைக்கலாம். உதிரி பாட்டில்களை மட்டும் பில்வாரியாக ட்ரேயில் பிரித்து, கடைசிக் கடையின் ட்ரேயை முதலில் ஏற்றுங்கள்.

எடுக்கும்போது முதலில் லேன் பார்கோடு, பிறகு சரக்கு, பிறகு எண்ணிக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். லேனை ஸ்கேன் செய்யாவிட்டால், பக்கத்து லேனில் இருக்கும் அதே நிற மூடி வேறு சரக்கு என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் தெரியும்.

திரையில் 'இல்லை' என்ற பொத்தான் கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் 600 மி.லி. தீர்ந்தால் பையன் 750-ஐ வைத்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை, திரை அவனுக்கு வேறு வழி தரவில்லை.

சரக்கை எடுப்பதற்கு முன்பே பில் போடாமல், எடுத்த அளவுக்குப் போடுங்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகளுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) போட வேண்டும். அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். தாண்டினால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) வேலை சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்த வைஃபை, சித்திரையில் குடோன் நிரம்பியதும் அடிக்கடி அறுந்துபோகிறது. ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் சில்லு) போட்டால் சரியாகுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கோளாறு பாட்டிலுக்குள் இருக்கிறது. வைஃபை அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆறடி உயரத்துக்கு அடுக்கிய கேஸ் வரிசை அதற்கு ஒரு சுவர். காலிக் குடோனில் சோதித்துவிட்டுப் போனவர் சொன்ன கணக்கு நிரம்பிய குடோனுக்குப் பொருந்தாது. ஆபீஸ் சுவரில் இருக்கும் ரவுட்டரை நம்பாமல், நடைபாதைக்கு நேர்மேலே கூரையில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) தொங்கவிடுங்கள். அலை பாதையின் நீளத்துக்குப் போகட்டும். இணைப்பு அறுந்தாலும் பதிவைச் சேமித்துவைத்து பிறகு அனுப்பும் வசதி கையடக்கக் கருவியில் இருக்க வேண்டும். அப்போது இருவர் ஒரே லேனின் கடைசிக் கேஸை எடுத்ததாகப் பதிவாகலாம், ஆகவே ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிடுங்கள்.

ஆர்எஃப்ஐடிக்கும் இதே தண்ணீர்தான் எதிரி, டின் என்றால் உலோகம் வேறு. பணத்தை அதில் போட வேண்டாம். லேன் லேபிளுக்கு ரிப்பன் வைத்து அச்சிடும் பிரிண்டர் வாங்குங்கள். ரிப்பன் இல்லாத தெர்மல் லேபிள் தகரக் கூரைச் சூட்டில் கறுத்து, சில மாதத்தில் ஸ்கேன் ஆகாது.

கேள்வி: முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்றுதான் மென்பொருளில் வைத்திருக்கிறோம். ஆனாலும் எக்ஸ்பைரி சரக்கு பின்னால் தேங்குகிறது. (கடலூர் வாசகர்)

பதில்: வந்த தேதியை விட்டுவிட்டு முடியும் தேதியைப் பிடியுங்கள். கம்பெனி டிப்போவிலிருந்து இன்று வரும் லோடு, போன வாரம் வந்ததைவிடப் பழைய தயாரிப்பாக இருப்பது உண்டு. இறக்கும்போதே தேதியைப் பதிவு செய்யுங்கள், ஒரு லேனில் ஒரு தேதி மட்டும் இருக்கட்டும். சுவரை ஒட்டிய லேனில் புதுச் சரக்கை முன்னால் அடுக்கினால், கணினி என்ன சொன்னாலும் ஆள் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பார். வேகமாக ஓடும் சரக்குக்கு இரண்டு லேன் கொடுத்து, ஒன்று காலியான பிறகே அதை மறுபடி நிரப்புங்கள்.

சிறிய பெட் (பிளாஸ்டிக்) பாட்டில்மேல் தனிக் கண் வேண்டும். அளவு சிறிதாக ஆக, உள்ளிருக்கும் பானத்துக்குப் பிளாஸ்டிக் பரப்பு அதிகம். அதனால் பானத்தில் உள்ள வாயு சீக்கிரம் வெளியேறும். கண்ணாடி பாட்டிலில் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: வெடித்த, நசுங்கிய பாட்டில்களைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? (சேலம் வாசகர்)

பதில்: அன்றன்றே 'டேமேஜ்' என்ற தனி இடத்துக்கு ஸ்கேன் செய்து மாற்றுங்கள். அழித்ததாக எழுதும் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, கழித்துக்கொண்ட வரியை) ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவின்படி திருப்ப வேண்டும் என்பதால் தேதியும் எண்ணிக்கையும் ஆடிட்டருக்குத் தேவைப்படும்.

கேள்வி: கடையிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டிலையும் கிரேட்டையும் (பாட்டில் அடுக்கும் பெட்டியையும்) கணினியில் கொண்டுவர முடியுமா? எப்போது தொடங்குவது நல்லது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முடியும். பானம், பாட்டில், கிரேட் மூன்றையும் தனித்தனிச் சரக்காக வையுங்கள். 24 பாட்டில் கிரேட் ஒன்று கடைக்குப் போனால், கடைக்காரர் கணக்கில் 24 பாட்டிலும் 1 கிரேட்டும் பற்றாக ஏற வேண்டும். திரும்பும்போது வாய் உடைந்த பாட்டிலை லைன்மேன் (லைனில் கடைகளுக்குப் போகும் உங்கள் ஆள்) கடையிலேயே பிரித்துப் பதிவு செய்யட்டும். குடோனுக்கு வந்த பிறகு பிரித்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான்.

கோடையில் தொடங்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் இருப்பு குறைவாக இருக்கும்போது எண்ணுவது சுலபம். இரவு கடைசி வண்டி இறங்கிய பிறகு எண்ணுங்கள். எண்ணுபவருக்குக் கணினி எண்ணைக் காட்டாதீர்கள், காட்டினால் அதையே எழுதுவார். காலை முதல் வண்டிக்குள் முடியவில்லை என்றால், எண்ணி முடிக்காத லேன்களைக் கயிறு கட்டி மூடிவிட்டு, எண்ணியவற்றிலிருந்து மட்டும் ஏற்றுங்கள்.