பீர்க்கு பூக்கிறது, காய்க்கவில்லை

கேள்வி: எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மொட்டைமாடியில் பைகள் வைத்துத் தோட்டம் போட்டிருக்கிறேன். கார்த்திகையில் விதைத்த வெண்டை பாதிகூட முளைக்கவில்லை. பீர்க்கும் புடலையும் பூத்துத் தள்ளுகின்றன. பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தினமும் காலையில் பஞ்சால் பூக்களைத் தடவியும் பார்த்துவிட்டேன். உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை விடுங்கள். 'காலையில்' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பீர்க்கம்பூ மலர்வது மாலை 5 மணிக்கு மேல். புடலை நன்றாக இருட்டிய பிறகு. சுரையும் மாலைக்காரிதான். இரவில் அந்துப்பூச்சி வந்து செய்யும் வேலையை நாம் விடிந்தபின் செய்தால், அதற்குள் பூவின் நேரம் முடிந்துபோயிருக்கும். பாகல், பூசணி, வெள்ளரி மூன்றும் காலையில் மலர்பவை. உங்கள் பஞ்சு அவற்றுக்குத்தான் உதவும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தக் குட்டிதான் இரண்டு மூன்று நாளில் பழுத்து விழுகிறது. பஞ்சுகூட வேண்டாம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பீர்க்கில் ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குத் தாங்கும். கொடியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

வெண்டையின் கதை வேறு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் பைமண்ணின் குளிர்ச்சி லேசில் போகாது. வெண்டை விதைக்கு மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உற்சாகம். இல்லாவிட்டால் ஈரத்தில் கிடந்து அழுகும். திருநெல்வேலியின் விதைப்புப் பட்டத்தை இங்கே கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். மாசி பிறந்ததும் விதையை ஒரு இரவு ஊறவைத்து மறுபடி போடுங்கள். 45, 50 நாளில் காய் பறிக்கலாம். கோடையில் வெள்ளை ஈ வந்தால் கூடவே மஞ்சள் நரம்பு நோயும் வரும். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா அனாமிகா' ரகம் அதை ஓரளவு தாங்கும்.

முலாம்பழத்துக்கும் அதே மாசிதான். காய் முற்றும்போது தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும். தக்காளியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். வெயில் 35 டிகிரியைத் தொட்டால் அது பூவை உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

இருக்கிற கொடிகளைப் பிடுங்க வேண்டாம். இன்று மாலை 6 மணிக்கு மாடிக்குப் போங்கள், பீர்க்கு விரிந்திருக்கும். புடலைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை, கையில் டார்ச்சோடு.