தலைமாட்டுப் பலகை: சுவரில் துளை போடாமல், கையடக்கச் செலவில்

"5 அடி அகலக் கட்டில், தலைமாட்டில் வெறும் சுவர்தான். சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற மாதிரி மெத்தை வைத்த பலகை ஒன்றை நானே செய்ய ஆசை. வாடகை வீடு, சுவரில் துளை போடக்கூடாது. பழைய கதவோ, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டோ கிடைத்தால் அதை வைத்தே செய்யலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய கதவு வேண்டாம். ரொம்பக் கனம், அதோடு பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நல்லதல்ல. பேலட்டில் ஹெச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், பயன்படுத்தலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். ஆனால் துணிக்கு அடியில் மறையப்போகிற மரத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? 12 மி.மீ. பிளைவுட் போதும்.

8க்கு 4 அடித் தாள் ஒன்று வாங்கி, கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பலகை 62 அங்குல அகலம், 30 அங்குல உயரம். இதில் மெத்தைக்கு மேலே 24 அங்குலம் தெரியும், மீதி 6 அங்குலம் மெத்தைக்குப் பின்னால் இறங்கும். அந்த 6 அங்குலத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் ராத்திரி தலையணை இடைவெளியில் விழுந்துகொண்டே இருக்கும். அதே 62 அங்குல நீளத்தில் 4 அங்குல அகலத் துண்டுகள் நான்கு கிடைக்கும். இரண்டிரண்டாகப் பசை போட்டு ஒட்டினால் 24 மி.மீ. கனத்தில் இரண்டு கால்கள் தயார். தரையிலிருந்து பலகையின் மேல் விளிம்புக்கு 4 அங்குலம் கீழே வரை கால் வந்தால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

ஃபோம் ஒட்டும் முன்பே கால்களுக்குத் துளை போட்டு, ஒரு காலுக்கு மூன்று என்று 6 மி.மீ. போல்ட்டுகளை முன்பக்கமிருந்து நுழைத்துவிடுங்கள். 50 மி.மீ. நீளம் சரியாக இருக்கும். தலை ஃபோமுக்கு அடியில் மறைந்துவிடும், பின்னால் நட்டைக் கழற்றினால் வீடு மாற்றும்போது கால் தனியாக வந்துவிடும். பலர் இதை மறந்துவிட்டுத் துணியெல்லாம் அடித்த பிறகுதான் காலை எப்படிப் பொருத்துவது என்று யோசிக்கிறார்கள்.

இந்த வேலையில் பணம் தின்பது மரம் அல்ல, ஃபோமும் துணியும்தான். சாய்ந்து உட்கார 2 அங்குல ஃபோம் வேண்டும், வெறும் அழகுக்கு என்றால் 1 அங்குலமே போதும். பழைய மெத்தையின் ஃபோமைக் கையால் அழுத்திப் பாருங்கள், உடனே எழும்பி வந்தால் தாராளமாக வெட்டிப் பயன்படுத்தலாம். துண்டுகளாக இருந்தாலும் பரவாயில்லை, இடைவெளி இல்லாமல் ஒட்டி மேலே ஒரு பழைய போர்வையை இழுத்து மூடிவிட்டால் இணைப்பும் தெரியாது, விளிம்பும் உருண்டையாக வரும்.

துணியில்தான் கணக்குத் தப்பும். சோபா துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில்தான் வரும், உங்கள் பலகையோ 62. அதனால் துணியின் நீளம் பலகையின் அகலத்தில் ஓடும்படி படுக்கைவாட்டில் திருப்பிப் போடுங்கள். பக்கத்துக்கு 5 அங்குலம் மடிப்புக்கு விட்டால் 72 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குள் முடிந்துவிடும், நடுவில் தையலும் இருக்காது. வெல்வெட் வாங்காதீர்கள், படுக்கைவாட்டில் போட்டால் அதன் நிறமே வேறு மாதிரி தெரியும். கோடு போட்ட துணியும் வேண்டாம், கொஞ்சம் கோணினாலும் ஊருக்கே தெரியும். கனமான பழைய திரைச்சீலை இருந்தால் அதுவே நல்ல துணிதான்.

ஸ்டேப்ளர் கன் வாங்க வேண்டாம், யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். 8 மி.மீ. பின் போதும். நான் முதல்முறை செய்தபோது ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக அடித்துக்கொண்டே போனேன், மறுமூலைக்கு வந்தபோது துணி முழுக்கக் குறுக்குச் சுருக்கம், அத்தனை பின்னையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதாயிற்று. மேல் விளிம்பின் நடுவில் ஒன்று, நேர் எதிரே கீழ் விளிம்பின் நடுவில் இழுத்து ஒன்று, அப்புறம் இடம், வலம். நான்கு நடுவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக மூலையை நோக்கி நகருங்கள். மூலையைப் பரிசுப் பொட்டலம் மாதிரி மடித்து, அதிகப்படி துணியை வெட்டிவிட்டு, கடைசியாக அடியுங்கள். பட்டன் வைத்துக் குழி விழுகிற டிசைனை முதல்முறையே முயல வேண்டாம். அதற்குத் துளைகளை முன்னாடியே அளந்து போட வேண்டும், துணியும் கூடுதலாக இழுக்கும்.

கால்களைப் பொருத்திச் சுவரோரமாக நிறுத்தி, கட்டிலைத் தள்ளி இறுக்கினால் நின்றுவிடும். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே போல்ட் துளை இருந்தால் அதில் பூட்டுங்கள், அதுதான் உறுதி. சுவரடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தால் காலின் அடியில் அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பலகை சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். நட்டுகள் சுவரில் கீறாமல் இருக்க, பின்பக்கம் ஒரு துண்டு பழைய கம்பளியை ஒட்டிவிடுங்கள்.