துடுப்பு போட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் பாலிடெக்னிக்கில் டிராகன் படகுக் குழுவில் சேர்ந்திருக்கிறான். காலாங்கில் பயிற்சி. என் மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. "அது சீனர் விளையாட்டு. இந்த ஊரில் நமக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

டிராகன் படகு சீனர்களுடையதுதான், அதில் மாமனார் சொல்வது சரி. சம்பந்தம் இல்லை என்பதுதான் தப்பு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். சூலியாக்கள் என்பார்கள், தமிழ் முஸ்லிம்கள் அவர்களில் அதிகம். பெரிய கப்பல் ஆற்றுக்குள் வர முடியாது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அரிசி மூட்டை முதல் எல்லாவற்றையும் தோணியில் இறக்கி, ஆற்றங்கரைத் துறையான போட் கீ வரை கொண்டுவர வேண்டும். என்ஜின் கிடையாது. துடுப்பு, ஆழமில்லாத இடத்தில் நீளக் கழி, அப்புறம் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். 1869இல் வந்த கேவனா பாலம் தாழ்வானது. ஓதம் ஏறிவிட்டால் தோணி அடியில் நுழையாது. நீர் வடியும்வரை சரக்கோடு காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தொழில் சீனர் கைக்குப் போய்விட்டது. கிடங்கும் சரக்கும் சீன முதலாளிகளிடம் இருந்தபோது தோணியும் அவர்கள் ஆட்களிடம் போனதில் வியப்பில்லை. முகப்பில் கண் வரைந்த, துவாக்காவ் என்ற சீனச் சரக்குப் படகுகள்தான் மாமனாருக்கு நினைவிருக்கும். 1977இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவில், 1983இல் அவையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவை அவற்றின் சாயலில் ஓடுபவை. யாரும் துடுப்பு போடுவதில்லை.

ஆற்றங்கரையில் செட்டியாருக்குச் சிலை இருக்கிறது. இருக்கட்டும், வட்டிக்கடையும் வரலாறுதான். ஆனால் நம் மேடைப் பேச்சுகளில் தோணிக்காரர் வருவதே இல்லை. கணக்குப் புத்தகம் வைத்திருந்தவரை நினைவில் வைத்துக்கொள்ளும் நாம், உள்ளங்கை காய்த்தவரை மறந்துவிடுகிறோம்.

மாமனாரைத் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. கடலை மண் கொட்டி நிரப்புவதற்கு முன்பு அந்தத் தெருதான் கரை. கடல் பயணிகளைக் காப்பவர் என்று நாகூர் ஆண்டவரை நம்பியவர்கள் இறங்கிய இடத்திலேயே எழுப்பிய நினைவிடம் அது.

பையனை நிறுத்தாதீர்கள். டிராகன் படகில் 20 பேர் ஒரே தாளத்தில் துடுப்பு போட வேண்டும். அந்தக் குழுவில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். தாத்தாவையும் ஒருநாள் பயிற்சி பார்க்க வரச் சொல்லுங்கள், வெயிலுக்குக் குடையோடு.