வக்கீல் இல்லாமல் குடும்ப நல நீதிமன்றம்: ஆவணங்களைத் தயார் செய்வது பற்றிய கேள்வி பதில்

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். ஜீவனாம்சம், விவாகரத்து வழக்குகளில் தாங்களே நேரில் வாதாட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வக்கீல் வைக்காமல் போனால் நீதிபதி கேட்பாரா? எனக்கு அதுதான் பயம்.

தாராளமாகக் கேட்பார். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, இங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. நேரில் பேசுவதைத்தான் சட்டம் இயல்பாக எதிர்பார்க்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அதோடு ஒன்று: பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காகிதங்களை நீங்களே தயார் செய்யலாம். ஆனால் குறுக்கு விசாரணை வரும் கட்டத்திலும், குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கிலும் அந்த இலவச உதவி வக்கீலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ஒரு பை நிறைய காகிதம் இருக்கிறது. எதை எடுத்துப் போவது?

பையை ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை எழுதுங்கள். திருமணம், குழந்தை பிறந்தது, வீட்டை விட்டு வந்தது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது, கடைசியாகப் பணம் வந்தது. ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி போதும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் காட்ட என்ன காகிதம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வரியோடும் ஒட்டாத காகிதம் பையிலேயே இருக்கட்டும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே நாளில் ஏராளமான வழக்குகள் பட்டியலில் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் "சார், அது இங்கேதான் இருந்தது" என்று பையைத் துழாவும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் காட்ட வேண்டிய காகிதம் கைக்கு வருவதில்லை.

தேதி வரிசையில் அடுக்கி, எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டு, மேலே ஒரு பட்டியல் வையுங்கள். நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்புக்கு, உங்களுக்கு என மூன்று செட் வேண்டும். அசலை உங்களிடம் வைத்துக்கொண்டு நகலைத் தாக்கல் செய்யுங்கள். சாட்சியத்தின்போது அசலைக் கேட்பார்கள்.

கேள்வி: கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யவில்லை. ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

முடியும். பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கோயில் ரசீது, இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு, தகப்பன் பெயரோடு உள்ள பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உதவும். ஜீவனாம்ச வழக்கில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவு) திருமணத்துக்கு விவாகரத்து வழக்கு அளவுக்குக் கறாரான நிரூபணம் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு வந்த ஒருவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் அவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: வீட்டில் தையல் தைத்து மாதம் ஆறாயிரம் வருகிறது. அதைச் சொன்னால் ஜீவனாம்சம் கிடைக்காதாமே? அவர் சம்பளம் எவ்வளவு என்றும் எனக்குத் தெரியாது.

சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கான படிவமும் தீர்ப்பின் இணைப்பிலேயே இருக்கிறது. அதில் பொய் எழுதினால் தனியாக நடவடிக்கை வரும். மனைவி கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதற்காகவே ஜீவனாம்சம் மறுக்கப்படுவதில்லை. அது போதுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

செலவுப் பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தமாக "மாதம் நாற்பதாயிரம்" என்று எழுதாதீர்கள். வாடகை, பால், மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், ஆட்டோ, மருந்து என்று பிரித்து எழுதி, ரசீது உள்ளதற்கு ரசீது வையுங்கள். ரசீது இல்லாத செலவையும் எழுதலாம், தொகை நம்பும்படி இருக்க வேண்டும்.

அவர் சம்பளத்துக்கு: வேலை செய்யும் இடம், பதவி, வண்டி எண், எல்.ஐ.சி., எந்த வங்கியில் கணக்கு என்று தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். ஊரில் நிலம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை. சம்பளச் சீட்டைத் தாக்கல் செய்ய அவருக்கு உத்தரவிடும்படி மனுவும் போடலாம். அவரும் அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் தன் பதிலோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அவர் திட்டியதும் போன் ரெக்கார்டிங்கும் இருக்கின்றன. செல்லுமா?

செல்ல வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பிரிண்ட் மட்டும் போதாது. சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரியட்டும், நடுவில் வெட்டாதீர்கள். முக்கியமாக அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நூறு பக்கம் வேண்டாம். மிரட்டல், பணம் மறுத்தது, வீட்டுக்கு வராதே என்றது, இந்த மாதிரி வழக்கைத் தொடும் உரையாடலை முன்பின் சேர்த்து முழுசாகக் கொடுங்கள்.

கேள்வி: நான் கணவன். திருப்பூரில் வேலை. மனைவி திருநெல்வேலியில் போட்ட விவாகரத்து வழக்கில் சம்மன் வந்திருக்கிறது. போகாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இந்து திருமணச் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் "என் ஊரில் போடவில்லை" என்பது பதிலாகாது. முதல் வாய்தாவுக்கு நேரில் போய், எதிருரை (மனுவுக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதில்) தாக்கல் செய்ய அவகாசம் கேளுங்கள் தம்பி, கொடுப்பார்கள். எதிருரையில் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். திருமணம் நடந்தது, குழந்தை உங்களுடையது என்பதெல்லாம் உண்மையென்றால் ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் உங்கள் நியாயமான மறுப்புக்கும் மதிப்பு குறையும். பணம் அனுப்பிய ஜி-பே, வங்கி விவரம் இருந்தால் தேதியோடு சேருங்கள்.

கேள்வி: அன்றைக்கு எத்தனை மணிக்குப் போகணும், என்ன நடக்கும்?

பத்து மணிக்கே போய்விடுங்கள். பெயர் கூப்பிடும்போது உள்ளே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள். சேர்த்து வைக்க முயல்வது இந்த நீதிமன்றத்தின் கடமை. விருப்பமில்லை என்றால் மரியாதையாகச் சொல்லலாம், கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். அடுத்த வாய்தா தேதியை எழுதிக்கொள்ளுங்கள். சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியிலும் பார்க்கலாம்.

கேள்வி: ஜீவனாம்ச ஆணை வந்து ஐந்து மாதம் ஆச்சு. ஒரு ரூபாய் வரவில்லை அக்கா.

அதற்குத் தனியாக வசூல் மனு போட வேண்டும். ஆணை நகல் உங்களுக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மாதம், வர வேண்டிய தொகை, வந்தது, பாக்கி என்று ஒரு அட்டவணை போட்டு, அப்டேட் செய்த பாஸ்புக் நகலை இணையுங்கள். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலும் ஆணையை நிறைவேற்றக் கேட்கலாம். புது முகவரி கிடைத்ததும் குறித்து வையுங்கள்.